முப்பத்தோராவது செடி

முப்பத்தோராவது ஆவாரஞ்செடிக்கு முன்னால் பொக்லைன் நின்றது.

நானும் என் மனைவி அமிர்தவல்லியும் நின்றோம்.

இந்தப் பங்குனியில் வெள்ளாற்றங்கரை பூத்த பூப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கரை முதலில் விடிந்துவிடும். சூரியன் அப்புறம் ஒப்புக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். ஆவாரை ஒரு பக்கம், தும்பை ஒரு பக்கம். தேனீக்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கின.

பக்கவாதம் வந்த அவளை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அவள் செடிகளை எண்ணித்தான் நடப்பாள். செடிக்கு ஒரு பூ பறித்து முந்தானையில் முடிவாள். தையில் மூன்று செடி. மாசியில் பதினெட்டு. நேற்று முப்பது.

பூ இல்லாத தார்ரோட்டில் பத்தடி வைக்கமாட்டாள். நடக்காவிட்டால் சாமியாராகப் போய்விடுவேன் என்று மிரட்டிப் பார்த்தேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

கான்ட்ராக்டரின் ஆள் குணசேகரன் மரியாதையாகத்தான் பேசினான். கரை முழுக்க வழித்துவிட்டு சிமெண்ட் கல் பதிக்கப் போகிறார்களாம். முதியோர் நடைபாதை.

ஓரமாக ஒரு வரிசையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இந்தப் பூவில் கஷாயம் குடித்த என் பெரியப்பா நூற்றிமுப்பது வயதில் மூன்றாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்ததையும் சொன்னேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நடைபாதை கேட்டுப் பொதுமக்கள் கொடுத்த மனுவின் நகல்.

"புதருக்குள்ள பாம்பு பத்தாயிரத்துக்குக் குறையாதுன்னு எழுதியிருக்குங்கய்யா. ஒண்ணு பனைமரத் தண்டியாம். எப்புடி விட்டுட்டுப் போறது?"

ஒரு பாம்பும் இல்லை என்றேன். ஒரு சாரைகூடக் கிடையாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அபூர்வமாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவன் நம்பவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் உறுமியது. அமிர்தவல்லி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாய் இன்னும் கொஞ்சம் கோணும்; வார்த்தை மெதுவாகத்தான் வரும்.

"ஏங்க, நீங்க ஒரு மனு எழுதுங்க. ஒங்க எழுத்துக்கு ஆபீசே எந்திரிச்சு வரும்பீங்கள்ல."

குணசேகரன் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி மாதம், ஆஸ்பத்திரி வராந்தாவில், மடியில் அவளுடைய ஸ்கேன் கவரை வைத்து நான் எழுதியது. அதில் கூட்டிச் சொல்லாத வரி கடைசி வரி ஒன்றுதான்.

'என் மனைவி மறுபடியும் நடக்க வேண்டும்.'