சோப்புக் குமிழி

விஜயநகர் பட்டறையில், பிரதிபாவின் காரில் ஏசி ஏன் குளிரவில்லை என்று உதயகுமார் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினான். லீக் இருந்தால் குமிழி எழும். ஓரிடத்தில் எழுந்தது. சிலிண்டரை மூடி, அழுத்தத்தை முழுக்க இறக்கினான். கேஜ் முள் பூஜ்யத்தில் நின்றது.

குமிழி நிற்கவில்லை. மெல்லப் பெருத்தது, சுருங்கியது, மறுபடி பெருத்தது. உதயகுமார் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். பார்த்துக்கொண்டே நின்றதில் அவனுடைய மூச்சும் அதே கதிக்கு வந்திருந்தது.

வாசலிலிருந்து பிரதிபா கேட்டாள். "லீக் கிடைச்சுதா? சாயங்காலம் சாமராஜநகர் போகணும். அந்த பைப்பை வெட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டுடுங்க."

"பஸ்ல போயிடுங்க மேடம்," என்றான், பானெட்டை மெதுவாக இறக்கியபடி. "கொஞ்சம் மெல்லப் பேசுங்க. தூங்குது."