சோதனைக்கு ஒரு இதயம்

“நல்லா ஆரோக்கியமா இருக்கிற ஆளோட இதயத் துடிப்பை உன் புரோகிராம் ஆபத்துன்னு சொல்லுது. எம்.இ. படிக்கிற பொண்ணு செய்யற வேலையா இது?”

மருத்துவமனைக் கருவிகள் பிரிவின் தலைமைப் பொறியாளர் சிடுசிடுத்தார். சம்பளத்தோடு கூடிய பயிற்சிக்காகக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மாணவிக்குக் கண் கலங்கியது.

“நாலஞ்சு தடவை பார்த்துட்டேன் சார். புரோகிராம் சரியாத்தான் இருக்கு.”

“அப்போ நான்தான் தப்பா? நாளைக்கே காலேஜுக்குத் திரும்பிப் போயிடு. பயிற்சி போச்சுன்னா பட்டமும் போச்சு.”

அதே மருத்துவமனையில் இதய டாக்டராக இருக்கும் அவர் மனைவி உள்ளே வந்தாள்.

“வீட்ல காட்ட முடியாத வீராப்பை எல்லாம் இந்தப் பொண்ணுகிட்ட காட்டறீங்களா?” என்று சிரித்தபடி கணினித் திரையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இது எப்போ எடுத்தது?”

“இன்னிக்குக் காலைல மேடம். சார்தான் கொடுத்தார்.”

“பொண்ணு சொல்றது சரிங்க. இந்த ஆள் எழுந்து நடக்கவே கூடாது. உடனே அட்மிட் பண்ணணும். யாருங்க அது? எங்கே இருக்கார்?”

பொறியாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

தினமும் காலையில் கருவியைச் சோதிக்க அவர் தனக்கே ஒட்டிக்கொள்ளும் இ.சி.ஜி. பட்டைகள், இன்னும் அவர் மார்பிலேயே இருந்தன.