தேக்கரண்டிக்கு ஐந்து

"எட்டாயிரம் பாட்டில் லேபிளையும் கிழிக்கணுமா? லாரி வாசல்ல நிக்குதுக்கா!"

மருந்துத் தொழிற்சாலை மேலாளர் தலையில் கைவைத்தார். தர ஆய்வாளர் அம்மையாரோ அசைந்து கொடுக்கவில்லை. குழந்தைகளுக்கான இருமல் மருந்துப் புட்டியொன்றை அவர்முன் நகர்த்தினார்.

"நீங்களே வாசிங்க சார். 'ஒரு தேக்கரண்டி, பதினைந்து மில்லி.' பதினஞ்சுங்கறது மேசைக்கரண்டிக்கு. தேக்கரண்டிக்கு அஞ்சுதான்."

"வீட்ல யாருக்கா மில்லி பாக்கறாங்க? கரண்டியில ஊத்திக் கொடுத்துடுவாங்க."

"அளவு மூடியில கோடு போட்டுத் தர்றது நாமதானே? பதினஞ்சாம் கோடு வரைக்கும் ஊத்துவாங்க. பச்சைப்பிள்ளை வயித்துக்குள்ள மூணு மடங்கு மருந்து போகும்."

"இந்த லேபிளை எழுதினவங்களுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம்."

"அனுபவம் கூடினா தேக்கரண்டி பெருசாயிடுமா?"

"பெரியவங்களுக்கான டானிக் லேபிளைப் பாத்து எழுதியிருக்காங்க. கரண்டியை மாத்தினவங்க நம்பரை மாத்த மறந்துட்டாங்க. இதுக்குப் போய்ப் புகார் எழுதினா அவங்க வேலையே போயிடும்."

"போகட்டும்."

"ரிட்டயர் ஆக எட்டு மாசம்தான் இருக்கு. கொஞ்சம் இரக்கம் காட்டுங்கக்கா!"

"இரக்கம் குழந்தைக்குத்தான். கடவுளே வந்து நின்னாலும் ஒரு பாட்டில் இந்த வாசலைத் தாண்டாது."

அம்மையார் புகார்ப் படிவத்தை இழுத்து, நிரப்பி நீட்டினார். மேலாளர் கலங்கிய கண்களோடு அதை வாங்கினார்.

'பிழையைக் கண்டறிந்தவர்', 'பிழையைச் செய்தவர்' என்னும் இரண்டு கட்டங்களிலும் அம்மையாரின் கையொப்பமே இருந்தது.