பதினோராண்டு வீரர்

இம்மாவட்டத்தில் இறகுப்பந்தாட்டம் இருக்கும்வரை சிங்காரவடிவேலுவின் புகழும் இருக்கும். பதினோரு ஆண்டுகளாக அவரை எவராலும் தோற்கடிக்க முடியவில்லை. சங்கத் தலைவரும் அவரே என்பதால், பெயர் கொடுக்கும் கடைசித் தேதி முடிந்த மறுநாள்தான் போட்டி அறிவிப்பை ஒட்டுவார்கள். எதிராளி வரவில்லை என்று கோப்பையை அவருக்கே கொடுப்பார்கள். இந்த வருஷம் செயலாளர் மறதியில் இரண்டு நாள் முன்னாலேயே ஒட்டிவிட்டார்.

“அண்ணே, ஒருத்தன் வந்திருக்கான்.”

“மாலை போடவா?”

“விளையாடண்ணே.”

தலைவர் செயலாளரின் காதருகே குனிந்தார். “முட்டி வலின்னு சொல்லிடேன்.”

“பேனர்ல இரும்பு முட்டின்னு போட்டிருக்கோமேண்ணே.”

கூட்டம் “சிங்கம்! சிங்கம்!” என்று கத்தியது. வலைக்கு அந்தப் பக்கம் ஒல்லியான ஒருவன் இறகுப்பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தான். 

பந்து காற்றில் விலகக்கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கூட்டமும் அடங்கியது. “முதல் சர்வீஸ் தலைவருக்கு” என்றார் நடுவர்.

அவர் மட்டையை இறுகப் பிடித்துத் தூக்கினார்.  அந்த அமைதியில் சரசரவென்று ஒரு சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. கைப்பிடியில் கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.