முதலைமேல் அமர்ந்தவள்

"அசையாதேன்னா கேட்கறியா? முதலை மேல ராணி மாதிரி நிமிர்ந்து..."

"முதலை மேல யாரு ஐயா உட்காருவா? எங்க ஊர்ல அதைக் கண்டா ஓட்டம்தான்..."

"உங்க ஊர்ல எப்படியோ போகட்டும்! ஆண்ட்வெர்ப்புல ஆப்பிரிக்கான்னா முதலை மேலதான். ஐரோப்பாவுக்குக் கிரீடம், ஆசியாவுக்குத் தூபக்கால், அமெரிக்காவுக்கு இறகு. முதலை இல்லேன்னா ஒருத்தன் வாங்க மாட்டான்."

கவிழ்த்துப்போட்ட மரத்தொட்டியின் மேல் பெலிப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதுதான் முதலை. நான்கு கண்டங்களை நான்கு பெண்களாக அச்சுப்படங்களுக்குச் செதுக்கிக்கொண்டிருந்த லீவனுக்கு, முதலில் காகிதத்தில் வரைந்துகொள்ளும் பொறுமையெல்லாம் கிடையாது. அவளைப் பார்த்துப் பார்த்து நேரே செப்புத் தகட்டில் உளியை ஓட்டினான்.

"முதலையோ தேளோ, எது வேணா போடுங்க. கன்னத்துக் கோட்டை மட்டும் விட்டுடாதீங்க, ஐயா."

"அந்த மூணு தழும்பா? மூஞ்சி அழகே கெட்டுப்போகுது, பொண்ணே."

"அதைப் பார்த்தாத்தான் என் தங்கச்சிக்கு நான்னு தெரியும். உங்க படமெல்லாம் கப்பலேறி லிஸ்பன் போகுமாமே? ஒண்ணாத்தான் வந்தோம். அவளை அங்கேயே வித்துட்டாங்க. என்ன பேர் வெச்சாங்களோ, அதுகூடத் தெரியாது."

உளி நின்றது.

"சரி சரி, போடறேன். வாயை மூடு, உதடு கோணுது."

மூடிக்கொண்டாள். போர்ச்சுகீசிய வியாபாரி வீட்டில் அடிமையாக வந்து சேர்ந்ததிலிருந்து அவள் வாய் திறப்பதே அபூர்வம். அவள் மொழி அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தூக்கத்தில் தானே பேசிக்கொண்டால்தான் உண்டு.

ஈஸ்டர் கழிந்ததும் அவளை வரச்சொல்லி, முதல் பிரதியை அவள் கண்முன்னே தகட்டிலிருந்து ஈரத்தோடு உரித்தெடுத்தான் லீவன். உடனே தலையில் அடித்துக்கொண்டான்.

"போச்சு! பேசிப் பேசியே என்னை மறக்கடிச்சுட்டே. அச்சுல இடம் வலமா மாறுமே! உனக்கு இடது கன்னத்துல கோடு, படத்துல வலதுல விழுந்திருக்கு. தங்கச்சிக்கு அடையாளமே தெரியாதே... அட, அழாதேம்மா, வேற தகட்டுல மாத்திச் செதுக்கறேன்."

"வேண்டாம் ஐயா. நாங்க ரெண்டு பேரும் ஒரே பிரசவம். யார் யாருன்னு தெரியணும்னு அம்மா எனக்கு இடது கன்னத்துல கீறினா. அவளுக்கு வலதுல."

பெலிப்பா காகிதத்தை முகத்தருகே கொண்டுபோய், தன் மொழியில் கேட்டாள்:

"இத்தனை வருஷமா எங்கேடி இருந்தே?"