நாலு மீட்டர்

காலை வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பல்கலைக்கழக மைதானத்து ஓடுபாதையில் உடற்கல்வி இயக்குநர் மண்டியிட்டு, மூன்றாவது தடவையாக அளக்கும் சுற்றின் கடைசி இழுப்புக்கு இரும்பு டேப்பை அமுக்கிப் பிடித்திருக்கிறார். மறுமுனை அவருடைய உதவிப் பயிற்சியாளரான பெண்ணின் கையில். நாளை இயக்குநருக்குப் பணி ஓய்வு. பாதைக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறார்கள். பெயர் வெட்டிய கல், கோணியைச் சுற்றிக்கொண்டு கேலரிப் படியில் சாய்ந்திருக்கிறது. விழாவுக்குப் புதுச் சுண்ணாம்புக் கோடு போடலாமென்று ஆசையாய் அளக்க வந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். “நானூறு இங்கயே முடிஞ்சிடுது சார்” என்கிறாள் அவள், முடிவுக் கோட்டுக்கு நாலு மீட்டர் முன்னாலேயே நின்று. முப்பது வருஷத்துக்கு முன் அவரே துணி டேப்பால் அளந்து போட்ட பாதை இது. நனைந்து, காய்ந்து, இழுபட்டு நீண்டுபோயிருந்த டேப். அது நானூறு என்றது, அவரும் நம்பினார். இத்தனை வருஷமும் பிள்ளைகள் நாலு மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறார்கள்.

அவர் டேப்பை ஒருமுறை உதறிப் பார்க்கிறார். “டேப்பு எங்கயோ மடங்கியிருக்கும்மா. இன்னொரு தடவை பாப்போம்.” “மூணு தடவை பாத்தாச்சு சார்.” பதினெட்டு வருஷத்துக்கு முன், அணித் தேர்வில், இதே கோட்டில் அரை விநாடி தாமதத்துக்காக இவளைக் கழித்தவர் அவர். அழுது நின்றவளிடம், “வாட்ச் பொய் சொல்லாதும்மா” என்றவரும் அவர்தான். அதே ஸ்டாப்வாட்ச் இப்போதும் கழுத்தில் தொங்குகிறது. அதை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடிக்கிறார். அவள் குனிந்து, டேப் முடிந்த இடத்தில் ஒரு பிடி சுண்ணாம்பைக் கொட்டுகிறாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கிறாள்: “அன்னைக்கு நான் இந்த இடத்துக்கு வந்தப்போ வாட்ச் என்ன காட்டுச்சு சார்?”