வேங்கையின் வேண்டுதல்

மலையடிவாரக் கோயில் பூசாரி பாவாடை, தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வண்டிப் பூசைக்கு வந்து சேர்ந்தார். "பெட்ரோல் தீந்துபோச்சுங்க."

வெள்ளிமலை வளைவில் புல்லட்டோடு விழுந்து உயிர் பிழைத்த கவுன்சிலர் கண்ணாயிரத்துக்காகக் கச்சிராயபாளையம் கடைத்தெருவே திரண்டிருந்தது. 'எமனைப் புறமுதுகிட வைத்த வேங்கையே!' என்றது பேனர். பழுது பார்த்த புல்லட்டின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன. அவற்றை நசுக்கிக்கொண்டு கோயில் வரை ஓட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வேங்கை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாவியைத் தொட்டாலே அந்த வளைவு கண்ணுக்குள் சுழன்றது.

"பழம் சின்னதா இருக்குது" என்றார். மாற்றினார்கள்.

"டயர்ல காத்து கம்மி." அடித்தார்கள்.

"இன்னா தலைவரே, பயமா?" என்று எவனோ சிரித்தான்.

"எனக்கா? கோயில் வரைக்கும் வண்டியத் தள்ளிக்கினே வர்றதா வேண்டுதல்டா!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மனைவி ஜெயசுதா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டியதும், பக்கத்தில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்த பூசாரியைப் பார்த்துக் கண்ணாயிரம் இரங்கினார். "தோ பங்க்கு வந்துடுச்சு, பெட்ரோல் போட்டுக்கினு ஏறிப் போய்யா."

"டேங்க்கு நிறைய இருக்குதுங்க" என்றார் பாவாடை. "போன வருசம் நானும் அதே வளைவுலதாங்க வுழுந்தேன். எனக்குத்தான் யாரும் பேனர் வைக்கல."